லீஷன் எங்கே? தேர்வுக்கு முன் நரம்பியலைத் திருப்பிப் பார்க்க ஒரு வழி

நரம்பியலைத் திருப்பிப் பார்க்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் பெயர்களில்தான் தொடங்குகிறார்கள். வெபர், பெனடிக்ட், மில்லார்ட்-கப்ளர், வாலன்பர்க் என்று மூளைத்தண்டு சிண்ட்ரோம்களின் பெயர்களை ஒரு பக்கம் எழுதி, எதிரே அறிகுறிகளை அடுக்கி, மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் வெபரும் பெனடிக்டும் கலந்துவிடும். ஞாபகசக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரில் ஆணி அடிக்காமல் சட்டையை மாட்டினால் கீழேதான் விழும். நரம்பியலில் அந்த ஆணி ஒரே கேள்வி: லீஷன், அதாவது நரம்பு மண்டலத்தில் பழுதான இடம், எங்கே?

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வில் 200 கேள்விகள், 210 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். அரைகுறையாக நினைவிருக்கும் பெயர் அங்கே ஆபத்து. இடத்தைப் பிடித்துவிட்டால் நாலு ஆப்ஷனில் இரண்டு தானாகக் கழன்றுவிடும். பெயர் மறந்திருந்தாலும் விடை வந்துவிடும். எம்பிபிஎஸ் இறுதியாண்டு லாங் கேஸிலும் இதே கதைதான். ஹெமிபிளீஜியா (உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) கேஸில் தேர்வாளர் நோயின் பெயரைக் கேட்கும் முன் 'எந்த லெவல்ப்பா?' என்றுதான் கேட்பார்.

இடத்துக்கு அடுத்தது வேகம். நொடி, நிமிடக் கணக்கில் வந்தது என்றால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு. மணி, நாள் கணக்கு என்றால் தொற்று, அழற்சி, டிமைலினேஷன் (நரம்பு உறை சிதைவது). வாரம், மாதம் என்றால் கட்டி, காசநோய், நாட்பட்ட சப்ட்யூரல் ரத்தக்கசிவு. வருடக்கணக்கு என்றால் சிதைவு நோய், பரம்பரை நோய். இடத்தையும் வேகத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் ஆப்ஷன்களைப் பார்க்க வேண்டும். ஆப்ஷனை முதலில் படித்தால், தெரிந்த பெயர் ஒன்று நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

யுஎம்என் (மூளையிலிருந்து இறங்கும் மேல் மோட்டார் நியூரான்), எல்எம்என் (அங்கிருந்து தசைக்குப் போகும் கீழ் மோட்டார் நியூரான்) பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். தவறு வருவது அதன் ஓரங்களில். யுஎம்என் என்றால் இறுக்கம், தூக்கலான ரிஃப்ளெக்ஸ், மேலே போகும் பிளாண்டார் (உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போவது) என்று படித்திருப்போம். ஆனால் ஸ்ட்ரோக் வந்த புதிதிலும், தண்டுவடம் திடீரென்று பாதிக்கப்பட்ட புதிதிலும் கை கால் தொளதொளவென்றுதான் இருக்கும், ரிஃப்ளெக்ஸ் வராது. இரண்டே நாளில் இரு கால்களும் செயலிழந்த இளைஞர், ரிஃப்ளெக்ஸ் இல்லை, மார்புக்காம்பு மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சிறுநீர் அடைப்பு என்று கேள்வி வந்தால் பாதிப்பேர் ஜிபிஎஸ் (புற நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே சிண்ட்ரோம்) என்று குறிப்பார்கள். உடம்பில் கோடு போட்டதுபோல் ஒரு சென்சரி லெவல் இருக்கிறது, சிறுநீரும் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டும் தண்டுவடத்தின் கையெழுத்து. இது ஸ்பைனல் ஷாக்கில், அதாவது அந்தத் தொளதொளப்புக் கட்டத்தில், இருக்கும் ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் (தண்டுவட அழற்சி).

இன்னொரு ஓரம், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் இல்லை, ஆனால் பிளாண்டார் மேலே போகிறது என்ற ஜோடி. ஒரே நோய் இரண்டு இடத்தைத் தாக்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டால் பட்டியல் தானாக வரும். பி12 குறைபாட்டில் புற நரம்பும் போகிறது, தண்டுவடத்தின் பின் பத்தியும் பக்கவாட்டுப் பத்தியும் போகின்றன. ஃப்ரீட்ரீக் அட்டாக்ஸியா, டேபோபரேசிஸ், கோனஸ் லீஷன், மோட்டார் நியூரான் நோய் எல்லாம் இதே கணக்கு. பி12-இல் ஒரு கூடுதல் பொறி உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் நரம்புப் பாதிப்பு வரலாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ரிஃப்ளெக்ஸ் வேர்களை மனப்பாடம் செய்ய ஒரு சுலபக் கணக்கு: கீழிருந்து மேலே ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள் (சி கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே சேக்ரல்). கணுக்கால் எஸ்1, 2. முழங்கால் எல்3, 4. பைசெப்ஸும் சுபினேட்டரும் சி5, 6. ட்ரைசெப்ஸ் சி7, 8. இதை ஒருமுறை சொந்த உடம்பில் தொட்டுச் சொன்னால் போதும்.

மூளைத்தண்டுதான் பலருக்கும் பயம். நியாயமாகப் பார்த்தால் நரம்பியலிலேயே அதிக ஒழுங்கு உள்ள இடம் அதுதான். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் சொன்ன 'நாலின் விதி' ஒன்று போதும். நடுக்கோட்டை ஒட்டி நாலு பொருள், எல்லாம் 'எம்' எழுத்து: மோட்டார் பாதை, மீடியல் லெம்னிஸ்கஸ், மீடியல் லாஞ்சிடியூடினல் ஃபாசிகுலஸ், மோட்டார் நியூக்ளியஸ். ஓரத்தில் நாலு, எல்லாம் 'எஸ்': ஸ்பைனோசெரிபெல்லார், ஸ்பைனோதலாமிக், ஐந்தாம் நரம்பின் சென்சரி நியூக்ளியஸ், சிம்பதெடிக். நரம்புகளும் நாலு நாலாக: மெடுல்லாவில் 9 முதல் 12, பான்ஸில் 5 முதல் 8, பான்ஸுக்கு மேலே 1 முதல் 4, அதில் 3-உம் 4-உம் நடுமூளையில். நடுக்கோட்டில் உட்காரும் மோட்டார் நியூக்ளியஸ்கள் எவை? 1, 2 தவிர 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது 3, 4, 6, 12. மற்றவை ஓரத்தில்.

இதை வைத்து ஒரு நோயாளியைப் பார்ப்போம். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, விடாத விக்கல். குரல் கம்மிவிட்டது, விழுங்கினால் புரையேறுகிறது. முகத்தின் இடப்பக்கம் ஊசி குத்தினால் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் சூடு தெரியவில்லை. இடக்கண் இமை லேசாகத் தாழ்ந்து கண்மணி சிறுத்திருக்கிறது. இடக் கை தடுமாறுகிறது. கை கால் பலம் அப்படியே இருக்கிறது.

நாலு 'எஸ்'ஸையும் சரிபாருங்கள். இடப்பக்கத் தடுமாற்றம் ஸ்பைனோசெரிபெல்லார். வலது உடம்பில் சூடு தெரியாதது ஸ்பைனோதலாமிக். இது மட்டும்தான் நாலில் எதிர்ப்பக்கம் போகும். இடது முகம் ஐந்தாம் நரம்பின் நியூக்ளியஸ். தாழ்ந்த இமையும் சிறிய கண்மணியும் ஹார்னர், அதாவது சிம்பதெடிக். நாலும் விழுந்துவிட்டன, ஆகவே இடது ஓரம். எந்த மாடி? குரலும் விழுங்குதலும் 9, 10, ஆகவே மெடுல்லா. இடது லேட்டரல் மெடுல்லரி சிண்ட்ரோம். வாலன்பர்க் என்ற பெயர் இப்போது ஒட்டிக்கொள்ளும். பலம் ஏன் போகவில்லை என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது: மோட்டார் பாதை நடுக்கோட்டுப் பொருள், லீஷன் அங்கே போகவில்லை. 'இதில் எது இருக்காது?' என்று கேட்டால் விடை எதிர்ப்பக்க ஹெமிபிளீஜியா. ரத்தக்குழாய் கேட்டால் பல கேள்வித்தாள்கள் பிகாவைத்தான் (சிறுமூளையின் பின்-கீழ்த் தமனி) எதிர்பார்க்கும். உண்மையில் வெர்டிப்ரல் தமனி அடைபட்டு வருவதே அதிகம். 'மிக அதிகமாக' என்ற சொல் கேள்வியில் இருந்து, இரண்டும் ஆப்ஷனில் இருந்தால் வெர்டிப்ரல்.

முகவாதத்தில் நெற்றியைப் பார் என்பது எல்லாருக்கும் தெரியும். யுஎம்என் என்றால் நெற்றி சுருங்கும், ஏனென்றால் முகத்தின் மேல்பாதிக்கு இரு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருகிறது. சறுக்குவது அடுத்த படியில். ஒரு பக்கம் முகம் முழுவதும் போயிருக்கிறது, எதிர்ப்பக்கக் கை கால் பலவீனம் என்றால் அது பெல்ஸ் பால்சி (முக நரம்பு மட்டும் செயலிழப்பது) இல்லை. ஏழாம் நரம்பின் மாடியான பான்ஸ். காதில் கொப்புளம் இருந்தால் ராம்சே ஹன்ட். சாதாரண பெல்ஸுக்கு பிரெட்னிசோலோனை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மூடாத கண்ணை இரவில் பாதுகாக்கச் சொல்வதற்கு வைவாவில் தனி மதிப்பெண் உண்டு, பலரும் மறப்பதும் அதைத்தான்.

மூன்றாம் நரம்பைக் காரணத்தோடு படியுங்கள். கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. வெளியிலிருந்து அமுக்கினால் முதலில் அவைதான் நசுங்கும். போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் தமனி வீக்கத்தில் கண்மணி விரிவது அதனால்தான். சர்க்கரை நோயில் நரம்பின் உள்ளே ஓடும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. நடுப்பகுதி போகிறது, வெளிப்புறம் தப்பிக்கிறது, கண்மணி சாதாரணமாக இருக்கிறது. வலியோடு மூன்றாம் நரம்பு போய், கண்மணியும் விரிந்திருந்தால் அன்றே ஆஞ்சியோகிராம். இமைக்கும் ஒரு வரி: முழுவதும் மூடிய இமை மூன்றாம் நரம்பு, அரைகுறையாகத் தாழ்ந்த இமை ஹார்னர், மாலையில் அதிகமாகும் இமை மயஸ்தீனியா (நரம்பும் தசையும் சேரும் இடத்து நோய்). மயஸ்தீனியாவில் கண்மணி கெடாது. கெட்டிருந்தால் வேறு நோயைத் தேடுங்கள்.

தண்டுவடத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் படி எலும்புக்கும் வடத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1 எலும்பு அருகிலேயே முடிந்துவிடும். அதனால் எலும்பு எண்ணும் வடத்தின் எண்ணும் ஒன்றாக இராது. கழுத்தில் எலும்பு எண்ணோடு 1 கூட்டுங்கள். மேல் முதுகில், டி1 முதல் 6 வரை, 2. டி7 முதல் 9 வரை 3. டி10 எலும்புக்கு நேரே எல்1, 2. டி11-க்கு எல்3, 4. டி12-க்கு எல்5. எல்1-க்கு நேரே சேக்ரல் பகுதி. தொப்புள் மட்டத்தில் உணர்ச்சி நின்றால் வடத்தின் டி10. அதற்கு நேரே உள்ள எலும்பு டி7. இது வெறும் வைவாக் கணக்கு இல்லை. இரு கால்களும் இறுகி, பிளாண்டார் மேலே போகும் நோயாளிக்கு லம்பார் எம்ஆர்ஐ எழுதினால் படம் சுத்தமாக வரும், ஏனென்றால் அங்கே பார்க்க வடமே இல்லை. லீஷன் மேலே, டார்சலிலோ சர்வைக்கலிலோ உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் டார்சல் பகுதியில் பாட்ஸ் ஸ்பைன் (முதுகெலும்புக் காசநோய்) எப்போதும் பட்டியலின் மேலே இருக்க வேண்டும்.

கால் பாதம் தொங்குவதற்கு ஒரே ஒரு பரிசோதனை: பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அதைச் செய்யும் டிபியாலிஸ் போஸ்டீரியருக்கு வேர் எல்5, நரம்பு டிபியல். உள்பக்கம் திருப்ப முடிந்தால் காமன் பெரோனியல், முடியாவிட்டால் எல்5 வேர். கார்ப்பல் டனலில் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டுத் தோலில் உணர்ச்சி தப்பிக்கும். அந்தத் தோலுக்குப் போகும் கிளை டனலுக்குள் நுழையாமலே பிரிந்துவிடுகிறது. தனி நரம்புகள் ஒவ்வொன்றாகப் போயிருந்தால், முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பைத் தடவித் தடிமன் பாருங்கள். தொழுநோயை மேலைநாட்டு கேள்வி வங்கிகள் அவ்வளவாகக் கேட்காது, நம் தேர்வாளர் கேட்பார்.

செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்கள் நோயாளியின் தமிழையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 'கை மரத்துப்போச்சு' என்பதை உணர்ச்சி போனதற்கும் சொல்வார்கள், பலம் போனதற்கும் சொல்வார்கள். அப்படியே 'நம்ப்னஸ்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் லோக்கலைசேஷன் முதல் வரியிலேயே தடம் மாறும். செருப்பைப் பற்றிக் கேளுங்கள்: 'ஐயா, செருப்பு கழண்டு விழும்போதே தெரியுதா, இல்ல நாலு அடி போனப்புறம் கீழ பாத்துத்தான் தெரியுதா?' தெரிந்தே விழுந்தால் கணுக்காலில் பலமில்லை. தெரியாமல் விழுந்தால் உணர்ச்சி இல்லை. முகம் கழுவக் கண்ணை மூடியதும் முன்னால் சாய்கிறார் என்றால் பின் பத்தி. தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, தலைவார முடியவில்லை என்றால் உடம்பை ஒட்டிய தசைகள். சோறு பிசைய முடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை என்றால் கை நுனித் தசைகள். 'தலைசுத்து' என்றால் சுற்றுகிறதா, மயக்கமா, நடையில் தள்ளாட்டமா என்று பிரித்துக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

எண்களை வெறுமனே படித்தால் நிற்காது, ஒரு எடையை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரோக்கில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி. 60 கிலோ நோயாளிக்கு 54 மி.கி. அதில் 10 சதவீதம், 5.4 மி.கி., ஒரு நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில். 110 கிலோ என்றால் கணக்குப்படி 99 வரும், ஆனால் உச்சவரம்பு 90. ஆகவே 9-உம் 81-உம். நேர வரம்பு 4.5 மணி நேரம். கடிகாரம் ஓடத் தொடங்குவது, கடைசியாக நன்றாக இருந்ததாக யாராவது பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்குத் தூங்கப்போய் காலை 6 மணிக்குக் கை விழுந்த நிலையில் எழுந்தவருக்குக் கணக்கு 10-லிருந்துதான். கொடுக்கும் முன் ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே, கொடுத்தபின் 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே. அந்த 24 மணி நேரம் ஆஸ்பிரின் கிடையாது. கரைக்கும் மருந்தே கொடுக்காத ஸ்ட்ரோக்கில் 220/120 வரை பொதுவாகக் கை வைப்பதில்லை. இந்த மூன்று அழுத்த எண்களையும் மாற்றிக் குறிப்பதுதான் வழக்கமான தவறு. எல்லாவற்றுக்கும் முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் செயலிழக்கும்.

நிற்காத வலிப்புக்கு 5 நிமிடம்தான் எல்லை. லோராசிபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., ஆனால் ஒரு தடவைக்கு 4 மி.கி.க்கு மேல் இல்லை. 60 கிலோவுக்கு 6 என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து ஃபெனிடாயின் கிலோவுக்கு 20 மி.கி., அதாவது 1200 மி.கி. நிமிடத்துக்கு 50-க்கு மேல் ஓட்டக் கூடாது, எனவே குறைந்தது 24 நிமிடம், இசிஜி மானிட்டரோடு. நார்மல் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாக உறைந்துவிடும். வேல்ப்ரோயேட், லெவடிராசிடாம், ஃபாஸ்ஃபெனிடாயின் மூன்றும் இரண்டாம் கட்டத்தில் ஏறக்குறைய சமம் என்று 2019-இல் வந்த எசெட் ஆய்வு காட்டியது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு நின்றது.

முதுகுத்தண்டு நீரில் இரண்டு பொறிகள். ஜிபிஎஸ்ஸில் புரதம் உயர்ந்து செல்கள் உயராமல் இருக்கும் என்று படித்திருப்போம். முதல் வாரத்தில் புரதமும் சாதாரணமாகவே இருக்கலாம். மூன்றாம் நாள் எடுத்த நீர் சுத்தமாக இருக்கிறது என்று ஜிபிஎஸ்ஸைத் தள்ளக் கூடாது. செல்கள் 50-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட்டு, எச்ஐவி உட்பட வேறு காரணம் தேட வேண்டும். இன்னொன்று சர்க்கரை. நீரில் 50 மி.கி. என்றால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். அதே நேரம் ரத்தத்தில் 240 இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. கேள்வியில் ரத்தச் சர்க்கரையைச் சும்மா எழுதியிருக்க மாட்டார்கள்.

ஜிபிஎஸ் சிகிச்சையில் ஐவிஐஜி (சிரை வழி இம்யூனோகுளோபுலின்) கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம், 5 நாள். அல்லது பிளாஸ்மா மாற்று. ஸ்டீராய்டு வேலை செய்யாது. ஆனால் 8 வாரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும் நாட்பட்ட வகையான சிஐடிபிக்கு ஸ்டீராய்டு கேட்கும். மூச்சை வைட்டல் கெப்பாசிட்டியில் பாருங்கள், கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே போனால் டியூபுக்குத் தயாராகுங்கள். ஆக்சிஜன் சாச்சுரேஷன் விழும்வரை காத்திருப்பது தாமதம்.

புதிதாக வலிப்பு வந்தவரின் சிடியில் ஒற்றை வளையம் தெரிந்தால் நம் ஊரில் நியூரோசிஸ்டிசர்கோசிஸா (மூளையில் நாடாப்புழுக் கட்டி), டியூபர்குலோமாவா (காசநோய்க் கட்டி) என்ற வழக்குத்தான். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இங்கே உதவும்: 20 மி.மீ.க்கும் குறைவு, நடுக்கோடு நகரும் அளவுக்கு வீக்கம் இல்லை, மூளை அழுத்தம் ஏறிய அறிகுறி இல்லை என்றால் சிஸ்டிசெர்கஸ் பக்கம் சாயலாம். பெரிதாக, ஓரம் கரடுமுரடாக, வீக்கம் தள்ளினால் டியூபர்குலோமா. மூளை முழுக்கப் புழுக்கட்டிகளும் வீக்கமுமாக இருந்தால் அல்பெண்டசோலைத் தொடக் கூடாது; புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் இன்னும் ஏறும்.

படிக்கும் முறை பற்றி ஒன்றே ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் நடுமூளை, பான்ஸ், மெடுல்லா, தண்டுவடம் என்று நாலு குறுக்குவெட்டு வரையுங்கள். உள்ளே என்னென்ன என்று குறித்து, ஒவ்வொரு படத்திலும் ஒரு மூலையைக் கறுப்படித்து, நோயாளிக்கு என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்பச் செய்ய வேண்டும். தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டு போடுபவர்கள் சரியான விடையை மட்டும் எழுதி வைக்கிறார்கள். எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டோம் என்பதை எழுதினால்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு: 'முதல் வாரம்', 'கண்மணி சாதாரணம்', 'கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்'.

கடைசியாக, மேலைநாட்டு குறிப்பேடுகளில் ஓரமாகத் தள்ளப்பட்டுவிடும் ஒன்று. தரையில் பாய் விரித்துத் தூங்கியவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுகிறார். இமை தாழ்கிறது, விழுங்க முடியவில்லை, பலவீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கடித்த தடம் தேடினாலும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. ஜிபிஎஸ் பெரும்பாலும் கீழிருந்து ஏறும்; இது இறங்குகிறது. கட்டுவிரியன். அதன் நஞ்சு நரம்பு முனையையே, அதாவது சினாப்ஸுக்கு முன்பக்கத்தைக் கெடுப்பதால் நியோஸ்டிக்மினுக்கு அவ்வளவாக மசியாது. நல்ல பாம்பின் நஞ்சு தசைப்பக்க ஏற்பியை அடைப்பதால் அதற்கு நியோஸ்டிக்மின், முன்னதாக அட்ரோபினோடு, பலன் தரும். கடித்த இடமும் வீங்கும். கட்டுவிரியனுக்கு விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும்தான். முற்றிய நிலையில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, கை கால் அசையாது, மூளைத்தண்டு ரிஃப்ளெக்ஸ் ஒன்றும் வராது. ஆப்ஷனில் மூளைச்சாவு என்று ஒன்று இருக்கும். அதைக் குறிக்காதீர்கள், படுக்கையருகிலும் அப்படிப் பேசாதீர்கள். தசை மட்டும்தான் செயலிழந்திருக்கிறது. அவருக்குக் காது கேட்கும்.